ஆயில் மாற்றியதும் ஏறிய ஊசி

அன்புள்ள மகன் ஜெர்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் தங்கை மைலா சுகம், தோட்டத்தில் கேரட் சுகம். நம் ஜீப்னி வண்டியும் பூரண சுகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைவிட அதன் உடம்பைப் பற்றித்தான் உனக்குக் கவலை அதிகம் என்று இப்போது தெரிந்துகொண்டேன். தோஹாவில் வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் அழுதால் "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுவாய், காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. பக்கத்து வீட்டு நோர்மா விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு உன் ஞானத்தகப்பன், நீ நின்னோங் என்று கூப்பிடுகிற எஸ்தெபனின் பட்டறையில் ஆயில் மாற்றினேன் என்று சொன்னேன் அல்லவா. உன்னை ஞானஸ்நானத் தொட்டியில் தூக்கிப் பிடித்த நாள் முதல் அவர் எனக்குப் பாரே, நான் அவருக்கு மாரே என்று முறை சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம், நம் வண்டிக்கு அவர் கை தவிர வேறு கை பட்டதில்லை. மாற்றிய மறுநாளே அபாட்டான் மலை ஏற்றத்தில் ஆயில் சூடு காட்டும் ஊசி எழுந்து நின்றது. உனக்கே தெரியும், முட்டைக்கோஸ் மூட்டை கூரை வரை ஏற்றினாலும் நடுக்கோட்டைத் தாண்டாத சோம்பேறி ஊசி அது. அதே பாரம், அதே பனி, அதே ரோடு, ஊசி மட்டும் சிவப்புக் கோட்டை முட்டுகிறது. எஸ்தெபனிடம் போனால், "புது ஆயிலுக்கும் வண்டிக்கும் பழக்கமாகணும் மாரே, கல்யாணமான புதுசு மாதிரி" என்றார். அடுத்த வாரம் போனால், "பழைய கசடையெல்லாம் புது ஆயில் கழுவிடுச்சு, அதான் உள்ளே ஓட்டை உடைசல் தெரியுது" என்றார். அதற்கடுத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இன்ஜின் கிழவியாயிடுச்சு மாரே, வித்துடு" என்றார். அவர் பேச்சை நம்பினேன். லா திரினிதாத்தில் வண்டிகளை உடைத்து விற்கிற ஆளிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிப் பையில் போட்டேன். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து வாய்விட்டு அழுதேன். நீ என்ன சொன்னாய்? "அச்சச்சோ, அப்படியாம்மா? பாவம்மா வண்டி. சரி விடும்மா, வயசாயிடுச்சுல்ல." என்ன இரக்கம், என்ன நடிப்பு. ஊர்த் திருவிழா நாடகத்துக்கு உன்னை விட்டுவிட்டு வேறு யாரையோ ராஜாவாகப் போட்டார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

மனசு கேட்கவில்லை, ஜெர்வின். உடைக்கக் கொடுக்கிற வண்டியை அழுக்காகக் கொடுக்க வேண்டாம் என்று சனிக்கிழமை விடியலில் கழுவப் போனேன். பழக்க தோஷம், ஆயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தேன். அளவு சரி, ஒரு சொட்டு கூடுதல் குறைவு இல்லை, அதனால்தான் இத்தனை நாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தக் குளிரில் ஆயில் கோல் நுனியில் தொங்கிக்கொண்டே நிற்கிறது, சொட்ட மாட்டேன் என்கிறது. நாம் எப்போதும் ஊற்றுகிற ஆயில் அந்தக் குளிரிலும் ஒழுகி விழும். முகர்ந்து பார்த்தேன், புல்டோசருக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில் வாடை. திருநாளுக்கு ஒட்டரிசிப் பலகாரம் கிண்டும்போது நீயும் மைலாவும் ஆளுக்கொரு பக்கம் துடுப்பைப் பிடித்து வியர்த்து வழிவீர்களே, நம் இன்ஜினும் பாவம் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. கெட்டி ஆயிலைத் தள்ளித் தள்ளியே அதற்குச் சூடு ஏறுகிறது, ஆயிலோ சட்டென்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டவும் மாட்டேன் என்கிறது, பிறகு ஊசி ஏறாமல் என்ன செய்யும். அந்தக் காலையிலேயே வண்டிக்கடியில் படுத்து எல்லாவற்றையும் வாளியில் வடித்தேன், கடையில் நம் பழைய ஆயிலையே வாங்கி ஊற்றினேன், அபாட்டான் ஏற்றத்தில் ஏற்றினேன். ஊசி நடுக்கோட்டில் போய் நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தேன். அந்த ஆயிலை ஊற்றியது எஸ்தெபனின் கை என்று பிறகுதான் உறைத்தது, சிரிப்பு நின்றது.

வாளியோடு பட்டறைக்குப் போய் எஸ்தெபனின் காபிக்குப் பக்கத்தில் வைத்தேன். "பாரே, இதைக் கொஞ்சம் பாரேன். உன் காபியை விடக் கெட்டியா இருக்கு" என்றேன். மனிதர் முதலில் சிரித்தார், அப்புறம் தொப்பியைக் கழற்றினார். "திட்டாத மாரே. உன் புள்ளதான் கேட்டான். 'நின்னோங், இத்தனை வருஷம் உங்ககிட்ட கிறிஸ்துமஸ் பரிசே கேட்டதில்ல, இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு, அம்மாவை அந்த ரோட்டுலேருந்து இறக்கிடுங்க'ன்னான். ஞானப்புள்ள கிறிஸ்துமஸுக்குக் கேட்டா நான் எப்படி இல்லேன்னு சொல்றது? இன்ஜினுக்குக் கெடுதி வராம, ஊசி மட்டும் ஏறுற மாதிரி பார்த்துத்தான் ஊத்தினேன்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி லோர்னா, "வருஷா வருஷம் ஞானப்புள்ளைங்க பரிசு கேட்டு வர்ற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில ஒளியிற ஆளு, இந்த வருஷம் மட்டும் வள்ளலாயிட்டாராக்கும்" என்று கத்தினாள். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பரிசு கேட்டவன் நீ, அவர் கொடுத்தவர்தானே.

எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மலையிலிருந்து கல் உருண்டு வந்து என் முன்கண்ணாடியை உடைத்ததை உனக்கு வேடிக்கையாகச் சொன்னேன். மைலா சிரித்தாள், நீ சிரிக்கவில்லை. அன்றைக்கே பயந்திருக்கிறாய். பயப்படு, மகன் பயப்படாமல் யார் பயப்படுவது. ஆனால் அந்தப் பயத்தை என்னிடம் சொல்லாமல் வண்டிக்குள் ஊற்றிவிட்டாயே. வாரக்கணக்கில் இருபது வருஷத்து இன்ஜினைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், கியர் போடும் என் கையைச் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. "பயமா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவியை ஆணியில் மாட்டியிருப்பேன், சத்தியமாக. இப்போது மாட்ட மாட்டேன். உடைக்கிற ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஜெபமாலை பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஊருக்கு வரும்போது முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து மேலே வரை வா. வழியில் பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல், ஓரம் கட்டுகிறேன். அதற்குப் பிறகு சாவியைப் பற்றிப் பேசலாம்.

வெயிலில் தொப்பி போடாமல் போகாதே, ராத்திரி வெறும் நூடுல்ஸோடு படுக்காதே. உன் நின்னோங்குக்கு ஒரு போன் போடு, என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் சந்தை நாளில்கூட ஆள் வெளியே வருவதில்லை. கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கை நிறையட்டும், கூடவே பெற்றவளிடம் உண்மை பேசுகிற நாக்கையும் தரட்டும்.

மறக்காதே, நோர்மாவின் பெட்டியில் உனக்கு இரண்டு புட்டி வைத்திருக்கிறேன். ஒன்று இந்த வருஷத்து ஸ்ட்ராபெரி ஜாம். மற்றொன்று நீ எனக்குக் கேட்டு வாங்கிய கிறிஸ்துமஸ் பரிசு. ரொட்டியில் தடவுமுன் முகர்ந்து பார், நான் முகர்ந்து பார்க்காமல்தான் ஏமாந்தேன்.

இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா
ஃபெலிசா