அறுபது கிலோ

மட்டாஞ்சேரி,
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாரி எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா? போனில் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பெரிதாக ஒன்றுமில்லை. நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று ஆஸ்பத்திரிகளுக்குக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. அதைச் சரிபார்க்கச் சின்னச் சின்னச் சோதனைகள் எழுதுவோம். ஒவ்வொன்றிலும் நோயாளியின் விவரமே பத்து வரி நீளும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று, கூப்பிட்டதும் அந்த விவரங்களோடு ஒரு மாதிரி நோயாளியைத் தரும் ஃபங்ஷன், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதினேன். எல்லாரும் பாராட்டினார்கள். அந்த நோயாளிக்கு எப்போதும் அறுபது கிலோ. குழந்தைகளுக்கான சோதனையில் வயதை மட்டும் எட்டு என்று மாற்றினேன். எடை அறுபதாகவே உள்ளே மறைந்திருந்தது. மென்பொருளோ யாருடைய எடையையும் பார்க்காமல், எல்லாருக்கும் அறுபது என்றே கணக்கிட்டது. என் நோயாளிக்கும் அதே அறுபது என்பதால், சோதனைகள் அத்தனையும் சரி என்று பச்சை காட்டின.

போன வாரம் ஓர் எட்டு வயதுச் சிறுமிக்கு அறுபது கிலோவுக்கான அளவில் ஊசி போட்டுவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

"நம்ம எல்லாரும் வாசிச்சதுதானே மாரி, ஒருத்தரும் கண்டில்லையே" என்கிறார் டீம் லீட் ஸுப்ரியா சேச்சி. வாசிக்க அவ்வளவு எளிதாக இருந்ததுதான் காரணம். இப்போது ஒவ்வொரு சோதனையிலும் எடையை வெளியே தெரியும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்துக்குக் கீழே மிளகுக் கிடங்கு. கண் கலங்கினால் யாரும் கேட்பதில்லை.

எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள், சோறு இறங்கவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று அப்பா, அண்ணன் மகளுக்கும் எட்டு வயதுதானே? அவளை ரேஷன் கடைத் தராசில் நிறுத்தி, எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்,
சந்தனமாரி