இணைச்சீருக்கு வா, அக்கா

அருள்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்ரகலா அக்காவுக்கு, தம்பி முகிலன் எழுதுவது. லூதியானாக் குளிரில் நீயும் தங்கதுரை மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் அந்தரத்தில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பெண் சோமனூர், பெயர் சித்ராதேவி. அப்பா அம்மா பார்த்த பெண்தான். நான் நானாகத் தேடிக்கொண்டேன், இவன் காட்டிய பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டான் என்று சிரிக்காதே. பிடித்துத்தான் தலையாட்டினேன். ஒரே வீட்டுச் சோறு தின்றோம், ஒரே கையால் அடி வாங்கினோம், ஆளுக்கொரு பக்கம் போயிருக்கிறோம். தையில் முகூர்த்தம். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி, கல்யாண மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் ஓவர்டைம் போடுகிறார்கள்.

இப்போது இணைச்சீர் விஷயம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நின்று செய்கிற சீர். நீ இருக்க இன்னொருத்தி எப்படி நிற்பாள்? பெரியப்பா நம் வீட்டுக்கு வந்து, தன் மகள் அபிராமியை நிறுத்திவிடலாம் என்றார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரைக் கட்டிக்கொண்டு போனவளை நிறுத்தினால் சனம் சிரிக்கும், வளர்ப்புச் சரியில்லை என்று பேசும் என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், நீ போனதிலிருந்து உன் பேரையே எடுக்காத நம் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“வளர்ப்புல ஒண்ணும் கொறையில்லீங்கண்ணா. சொன்ன சொல்லு மாறக்கூடாதுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தன். அந்தப் பையனுக்குச் சொன்ன சொல்ல அவ மாத்துல.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஆனால் உன்னை வரச்சொல் என்ற வார்த்தை மட்டும் அப்பா வாயிலிருந்து வரவில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உனக்குத் தெரியாததா!

பிறகு சீர்ப்புடவை எடுக்கப் போனோம். அபிராமியும் வந்தாள். அவள் உன்னைப்போல மாநிறமில்லை, நல்ல சிவப்பு, எந்த நிறமும் பொருந்தும். கடைக்காரர் அவள்மேல் ஒரு மாம்பழ மஞ்சளை வைத்துக் காட்டினார். அப்பா யோசிக்காமல், “அவ நெறத்துக்கு இது எடுக்காதுங்க” என்று ஒதுக்கினார். நாங்கள் எல்லோரும் அபிராமியைப் பார்த்தோம். அப்பா அவசரமாகச் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். கடைசியில் அரக்குப் பட்டு எடுத்தார். வெளியே வந்ததும் அபிராமி என் காதைத் திருகி, சித்தப்பா வாங்கினது எனக்கில்லை, மரியாதையாக அக்காவுக்கு எழுது என்றாள். தங்கமான பெண்.

அம்மாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் எனக்கு இணைச்சீரே வேண்டாம்.

மச்சானையும் கூட்டிக்கொண்டு வா. நாலு நாள் முன்னதாகவே வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன் அக்கா. அப்பா உன்னைப் பார்த்ததும் வா என்று சொல்லமாட்டார். இத்தனை வருசம் எங்கே போயிருந்தாய் என்று வாசலிலேயே திட்டுவார். அழுதுகொண்டு திரும்பிவிடாதே. திட்டி முடிக்கும்வரை நில். முடித்ததும் உள்ளே வந்துவிடு.

உன் வழியைப் பார்த்திருக்கும் தம்பி,
முகிலன்