மரத்தின் மறுபக்கம்

மேய்ன் மலைக்காடு,
அக்டோபர் 9, 1933

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் ஆர்வில் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கிருந்து ஜார்ஜியா வரை மலைமேலேயே நடைபாதை வேண்டுமென்று பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராகப் பேசிய தர்லோ வாத்தியாரோடுதானே வேலை செய்கிறேன். "மாடுகூடப் போகாத காட்டுக்குப் பாதை எதுக்குய்யா?" என்று மரவெட்டிகள் கேலி பண்ணுவார்கள். "மாடு போகாது, மனுஷன் போவான்" என்பார்.

போன வாரம் அவர் தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டிப் போக, நான் பின்னாலேயே மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் வழிகாட்டிக் குறி போட்டேன். கூடாரம் சேர்ந்ததும், தன் மூக்குக்கண்ணாடியை வழியில் விட்டுவிட்டதாகச் சொல்லி வந்த வழியே திரும்பினார். ஒரே மூடுபனி.

"துணைக்கு வரட்டுமா?"

"எதுக்குப்பா? அதான் நீ போட்ட குறி இருக்கே."

குறியெல்லாம் நாங்கள் வந்த பக்கம் பார்த்தே இருந்தது. திரும்பிப் போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாது. எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் ஓடைக்குள் பிணமாகத்தான் கிடைத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை, நீயும் கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. கடிதம் கொஞ்சம் நீளமாகவே எழுது.

தபால் வண்டி கிளம்புகிறது. இப்போது மரத்துக்கு இரண்டு பக்கமும் குறி போடுகிறேன் அம்மா. திரும்பி வருகிறவர்களின் பக்கத்தைத்தான் முதலில்.

உன் மகன்,
ஆர்வில்