நிறுத்திய பிறகும் சுற்றுவது

9 ஆகஸ்ட் 2006, புதன்

நிலைமம் பாடத் தேர்வில் முழு மதிப்பெண். அணைத்த பிறகும் மின்விசிறி ஏன் சுற்றுகிறது என்று சரியாக எழுதியிருந்தேன். உடனே அப்பாவின் நினைவு வந்தது. சாயப்பட்டறையில் ஈரத்துணியைச் சுழற்றிப் பிழியும் இயந்திரத்தில் அவருக்கு வேலை. நைட் ஷிப்டுக்குக் கிளம்பியவரிடம் கேட்டேன்.

"ஏங்கப்பா, சுவிட்ச ஆஃப் பண்ணுனா அது உடனே நின்னுருமா?"

"எங்க நிக்குது கண்ணு? காத்துட்டு இருந்தா வேல ஆகுமா? துணிய வெச்சுக் கையில அமுத்தி நிறுத்திருவோம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தத் துணி கையைச் சுற்றிக்கொண்டால்?

இப்போது எழுந்து விசிறியை அணைத்தேன்.

"புழுங்குது கண்ணு, எதுக்கு நிறுத்துன?" என்கிறாள் அம்மா.

சுவிட்சிலிருந்து வந்து உட்கார்ந்து இதை எழுதியும்விட்டேன். றெக்கை இன்னும் நிற்கவில்லை.