குதிரை லாயத்தில் தீ

மச்சான்,

இன்று மத்தியானம், சாப்பாட்டு நேரம் உச்சத்தில் இருக்கும்போது, கீழ்ப்படியில் ஒரு தட்டம் நிறையக் கோப்பைகள் விழுந்து நொறுங்கின. அந்தச் சத்தத்தோடு எனக்கு உன் இடது கைதான் ஞாபகம் வந்தது.

சுவிஸில், லுசேர்ணில் இதே ஹோட்டலில்தான் நீயும் நானும் ஒன்றாகக் கோப்பை கழுவத் தொடங்கினோம். பிறகு என்னைச் சமையலறைக்குப் பொறுப்பாக்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, தலைக்கனம் இறங்காத நாட்கள். நீ சூப் பானையோடு வழுக்கி விழுந்தாய். ஓடிவந்த நான் கேட்ட முதல் கேள்வி, "சூப் முழுக்கக் கொட்டுண்டு போச்சோ?"

வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி, "பானைக்கு ஒண்டும் இல்லை மச்சான், பயப்பிடாதை" என்றாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு வந்து கன்பூசியஸின் கதையைச் சொன்னாய். சீனச் சுற்றுலாக்காரரைக் கூட்டிவரும் வழிகாட்டிப் பெண் பின்கதவடியில் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் நீ கேட்டுக் கேட்டுச் சேர்த்த கதைகளில் ஒன்று. அவருடைய குதிரை லாயம் எரிந்துபோனதாம். அரசவையிலிருந்து திரும்பியவர், ஆட்களுக்குக் காயமா என்று மட்டும் கேட்டாராம். குதிரைகளைக் கேட்கவேயில்லையாம்.

என் வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "குதிரையும் உயிர்தானே? எங்கட மாட்டுக்கொட்டில் எரிஞ்சால் அப்பா மாட்டையும்தான் கேப்பார்."

"ஓம். உன்ர சூப்புக்கும் உயிர் இருந்ததோ?"

அன்றிலிருந்து நான் வேலையில் பதறும்போதெல்லாம் எல்லாருக்கும் முன்னால் "குதிரை சுகமோ?" என்று கேட்பாய். எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா?

கன்பூசியஸில் உனக்கு அப்படி ஒரு பிடிப்பு. பதவியை விட்டு, சீடர்களோடு நாடு நாடாக வருசக்கணக்கில் அலைந்தார், எந்த அரசனும் அவர் சொல்லைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று அறிந்த நாள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கவலைப்படுவது போலக் கவலைப்பட்டாய். "ஒரு ராசாவும் மனுசனுக்கு விசா குடுக்கேல்லை, பார். ஆனா இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நாங்கள் அவரைப் பற்றித்தான் கதைக்கிறம். அந்த ராசாக்களின்ர பேர் உனக்குத் தெரியுமோ?"

தெரியாது மச்சான். இன்னும் தெரியாது.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ எடுத்த கடைசி போன் இதேபோல ஒரு மத்தியானத்தில்தான் வந்தது. "ஹோல் நிறைய ஆக்கள் மச்சான், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் விடியும்போது நீ இல்லை. இரண்டாம் முறையும் உன்னிடம் நான் அதே பிழையைத்தான் செய்தேன்.

செத்தவீட்டில் உன் மனைவியிடம் அதைச் சொல்லி அழுதேன். அவவும் அழுதுகொண்டே சிரித்தா. "போனை வைச்சிட்டுச் சிரிச்சவர், அண்ணை. 'அவன்ர லாயம் எரியுது, அணைச்சிட்டு எடுப்பான்' எண்டவர்."

அந்த ஒரு வசனத்தில்தான் நான் இப்போது வேலைக்குப் போய்வருகிறேன்.

இன்று படியடிக்கு ஓடினேன். எங்களோடு வேலை செய்யும் எரித்திரியாக்காரி உடைசல்களுக்கு நடுவில் நின்றா. "கையைக் காட்டு" என்றேன், எனக்குத் தெரிந்த டொச் பாஷையில். விரல் விரலாகப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். சாப்பாடு கேட்டு மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

அவ குடித்து முடித்த பிறகுதான் எத்தனை கோப்பை உடைந்தது என்று கேட்டேன். கோவிக்காதே மச்சான், குதிரையையும் யாராவது கேட்க வேண்டும்தானே.