சுகமில்லாத நூறு பேர்

மார்ச் 4
வேலையில்லாமல் இன்றோடு எட்டு மாதம். மத்தியானம் ஒருகொடவத்தைக் களஞ்சியம் ஒன்றிலிருந்து போன்: "நாளைக்கே வேலைக்கு வாங்கோ. இன்டர்வியூ ஒண்டும் தேவையில்லை." இரண்டு தரம் விண்ணப்பித்தும் வாயே திறக்காதவர்கள்! அம்மா ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அர்ச்சனை செய்ய ஓடிவிட்டா. எனக்குச் சேலையா சுடிதாரா என்பதுதான் கவலை.

மார்ச் 5
கேற்றடியில் எங்கள் மேல்மாடி நிரோஷா! அவளுக்கு அங்கேதான் வேலை. அவளும் இன்னும் நூறு பேரும் சுகயீன லீவு போட்டுவிட்டு வெயிலில் நின்று கோஷம் போடுகிறார்கள். இவ்வளவு தெம்பான நோயாளிகளை நான் கண்டதில்லை.

"உள்ள போறியா மேனுகா?" கோபமாகக் கேட்டிருந்தால் போயிருப்பேன்.

"எட்டு மாசம், நிரோஷா…"

"தெரியும். நாலு பேரு வேலைய மூணு பேரு செய்றோம். முப்பது எடம் காலியா கெடக்கு. ஆள் எடுக்கச் சொல்லித்தான் நிக்கிறோம்."

அப்போ எனக்காகவுந்தான் நிற்கிறார்கள்! இந்தப் போராட்டத்தை உடைக்கத்தான் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. உள்ளே போனால் நாட்கூலிதானாம். போராட்டம் முடிந்த அன்றே வீடு.

போகவில்லை. வீரமெல்லாம் இல்லை, நிரோஷாவைத் தாண்டிப் போக முடியவில்லை.

மார்ச் 6
அம்மா என்னோடு கதைக்கிறா இல்லை. "வந்த வேலையை விட்டிட்டு வந்து நிக்கிறாள்" என்று சுவருக்குச் சொல்கிறா. அழுகை வந்தது. நான் விசரியோ? என்னைப்போல எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறோம் — ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தி போவாள். அந்தத் துணிவில்தானே நிர்வாகம் இருக்கிறது.

மார்ச் 10
கூப்பிட்ட நாற்பது பேரில் ஆறு பேர்தான் உள்ளே போனார்களாம்! கொண்டெய்னர் லொறிகள் கிராண்ட்பாஸ் வரை வரிசை. நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது. முப்பது இல்லை, பதினெட்டு இடத்துக்கு ஆள் எடுப்பார்களாம். விண்ணப்பம் கொண்டுவந்த நிரோஷாவுக்கு அம்மா முறைத்துக்கொண்டே தேத்தண்ணீர் கொடுத்தா.

ஏப்ரல் 2
எழுத்துச் சோதனை, இன்டர்வியூ எல்லாம் முடிந்து — நியமனக் கடிதம்! 'நிரந்தர' என்ற சொல்லை அம்மா கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசித்தா. பிறகு மேல்மாடிக்கும் கேட்கிற குரலில், "என்ர பிள்ளை அண்டைக்கு யோசிச்சுத்தான் விட்டிட்டு வந்தவள்!"

மே 20
எனக்கு உண்மையாகவே காய்ச்சல். நூற்றிரண்டு. சுப்பவைசருக்குப் போன் எடுத்து, "சேர், இண்டைக்குச் சுகமில்லை" என்றேன்.

அவர் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எத்தனை பேருக்கு?"