பதில் சொல்லாத போர்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

வாடிக்கையாளர்களின் கணினிகளை வெளியிலிருந்து இணையம் வழியாக எட்ட முடிகிறதா என்று சோதிப்பதுதான் இங்கே என் வேலை. போர்ட் என்றால் கணினியின் கதவு. தட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நம் பழைய படங்களை இங்கிருந்து பார்க்கலாம் என்று, கிளம்புமுன் என் அறைக் கணினியில் ஒரு போர்ட்டைத் திறந்துவைத்தேன். வீட்டு வைஃபையில் சோதித்தபோது திறந்தது. இங்கிருந்து திறக்கவில்லை. பக்கத்து மேசை அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்டி, இதே வேலைய தினம் பாக்குற. வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டா கதவத் தட்டிப் பாப்பாங்க?"

ஆனாலும் தினமும் மதியம் தட்டுகிறேன். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று, என் அறையில் இருக்கும் நம் வைஃபை ரூட்டர் உடனே பதில் சொல்லும். அது போதும், வீடு கண்முன் வந்துவிடும். வீட்டில் கரண்ட் இருக்கிறது. நீங்கள் கண்ணாடியைத் தேடுகிறீர்கள். "தலையிலதான் இருக்கு, தடவிப் பாருங்க" என்கிறாள் அம்மா.

சில நாட்களாக மறுப்பும் வருவதில்லை. ரூட்டரை அணைத்தது நீங்கள்தானே? "ஆளில்லாத ரூமுக்கு எதுக்கும்மா கரண்ட்டு" என்பீர்கள். போனில் கேட்கக் கூச்சமாக இருந்தது. என் அறைக்குப் போய், ஜன்னலோரச் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். போர்ட்டை நான் ஊருக்கு வரும்போது சரிசெய்கிறேன். இப்போதைக்கு ரூட்டர் பழையபடி 'முடியாது' என்று பதில் சொன்னால் போதும்.

இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்